46 வயதில் பல்கலைக்கழகம்: 1998 உயர்தரப் பெறுபேற்றை வைத்து எங்கே சேரலாம்?

விசுவமடு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடுவில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். மகள் வவுனியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். மகன் உயர்தரம் எழுதப் போகிறான். இவர் வயல் செய்கிறார். மாமியும் எங்களோடுதான் இருக்கிறா, அவவுக்கு இப்போது நடை குறைவு.

நான் 1998இல் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதினேன். தமிழ், இந்து நாகரிகம், புவியியல், அரசியல். அப்போது நான்கு பாடம். காலையில் எங்கள் பள்ளிக்கூடம், பின்னேரம் இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்கூடம் என்று ஒரே கட்டடத்தில் இரண்டும் நடந்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்காது. ஜாம் போத்தலில் திரி வைத்த விளக்கில்தான் படித்தோம். நான்கு பாடமும் சித்தி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகிக் கடிதமும் வந்தது.

போகவில்லை. போரால் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி பூட்டிக் கிடந்தது. விசுவமடுவிலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் பாஸ் (பயண அனுமதி) எடுத்து வவுனியா, அங்கே அனுமதிக்குக் காத்திருந்து திருகோணமலை, பிறகு கப்பலில் காங்கேசன்துறை. "போனால் எப்ப பிள்ளை திரும்பி வருவாய்?" என்று ஐயா கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்போது ஒருவரிடமும் பதில் இல்லை. அவரை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். 2000இல் கல்யாணம். 2002இல் பாதை திறந்தபோது மகள் கைக்குழந்தை. அதற்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2009இல் கடைசிப் போர் நேரம் மாத்தளனில் விட்டுவிட்டு வந்த பைக்குள் சான்றிதழும் இருந்தது, அந்தக் கடிதமும் இருந்தது.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். ஊரில் பெண்கள் சட்டை தைக்கத் துணி கொண்டுவருவார்கள். அளவு கொடுத்து முடிந்ததும், "அக்கா, பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்பார்கள். கணவர் பெயரில் இருந்த காணி அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்ற ஒருவர். வீட்டுத்திட்டத்தில் பெயர் விடுபட்டுப்போன இன்னொருவர். காணாமற்போன மகனுடைய மரணச் சான்றிதழை வாங்கச் சொல்கிறார்கள், வாங்கினால் தேடுவதை விட்டதாகிவிடுமா என்று கேட்ட ஒரு அம்மா. எனக்குத் தமிழ் நன்றாக எழுத வரும், அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அவர்கள் கேட்கிற கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது என்னை விட்டுப் போகவே இல்லை. படித்தால் சட்டம், இல்லாவிட்டால் சமூகவியல் போல ஏதாவது படிக்க வேண்டும்.

பழைய அனுமதியை வைத்து இப்போது ஏதும் கேட்கலாமா, இல்லை திரும்பவும் உயர்தரம் எழுத வேண்டுமா? சான்றிதழ் இல்லாமல் எப்படி விண்ணப்பிப்பது? ஆங்கிலத்தை நினைத்தாலும் பயம்தான். மகள் லீவில் கொண்டுவரும் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலம், ஒரு பக்கத்தை அகராதியோடு வாசிக்க எனக்கு ஒரு பின்னேரம் போய்விடும். பிள்ளைகளை வளர்த்த பிறகு படித்தவர்கள் இங்கே இருந்தால், வீட்டையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். இவர் மறுக்கவில்லை, "பார்ப்பம்" என்கிறார்.

---

முல்லை மாஸ்டர் எழுதியது:

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். உயர்தர வகுப்புக்குப் பல வருடம் படிப்பித்தவன் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அந்தப் பழைய இடத்தை இனிக் கேட்க முடியாது. உள்வாரி அனுமதி, அதாவது பல்கலைக்கழகத்துக்குள் போய் முழுநேரம் படிக்கும் அனுமதி, அந்தந்த வருடப் பெறுபேற்றோடு முடிகிற விஷயம். திரும்ப உயர்தரம் எழுதுவதைத் தடுக்க எவரும் இல்லை, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். ஆனால் நான் அதைச் சொல்லமாட்டேன். 2000இல் பாடத்திட்டம் மாறி மூன்று பாடமாகிவிட்டது. 2001இலிருந்து மொத்தப் புள்ளி இல்லை, மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடும் இசட் புள்ளிதான் கணக்கு. உங்கள் மகனுடைய வயதுப் பிள்ளைகளோடு, அவர்கள் இரண்டு வருடம் ரியூசனும் போய் எழுதுகிற பரீட்சையில் நீங்கள் போட்டியிட வேண்டும். முல்லைத்தீவு பின்தங்கிய மாவட்டம் என்ற ஒதுக்கீடு இருக்கிறதுதான், ஆனாலும் அந்த உழைப்பை நேரே பட்டப்படிப்பில் போடுவது நல்லது. உங்களிடம் நான்கு பாடச் சித்தி இருக்கிறது. அது செல்லுபடியாகும் பெறுபேறு, காலாவதியாவதில்லை.

வேலையை நினைத்துப் படிப்பதாக இருந்தால் ஒன்று மனதில் இருக்கட்டும். பட்டதாரி ஆட்சேர்ப்பு வர்த்தமானிகளில் வயதெல்லை போடுவார்கள். நீங்கள் முடிக்கும்போது அதைத் தாண்டியிருப்பீர்கள். தையலில் தொழில்சார் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்தால் கையில் வருமானம் கூடும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது உங்கள் தேவை இல்லைப் போலிருக்கிறது, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

---

பரந்தன் அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் பரந்தனில் முன்பள்ளி ஆசிரியை. கடைசி மகன் ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் சமூக விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்து படித்து முடித்தவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

உங்களுக்கு ஏற்றது திறந்த பல்கலைக்கழகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1980இல் தொடங்கும்போதே வேலை செய்கிறவர்களையும் வீட்டில் பொறுப்போடு இருப்பவர்களையும் நினைத்துத் தொடங்கியது. தலைமையகம் நாவலயில். எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது, வவுனியாவிலும் கற்கை நிலையம் இருக்கிறது. உயர்தரம் சித்தியில்லாதவர்கள்கூட அடிப்படைப் பாடநெறி ஒன்றை முடித்துவிட்டு உள்ளே வரலாம். உங்களுக்கு அது தேவைப்படாது. வெளிவாரிப் பட்டமும் உண்டு, ஆனால் அதில் பதிந்துவிட்டுப் பெரும்பாலும் தனியாகப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு தனியாகப் படிப்பது கஷ்டம். திறந்த பல்கலைக்கழகத்தில் புத்தகம் தருவார்கள், டே ஸ்கூல் என்று நிலையத்தில் நேரடி வகுப்பு வைப்பார்கள், அசைன்மென்ட் எழுதினால் திருத்திக் குறிப்புப் போட்டுத் திருப்பித் தருவார்கள். எனக்கு அந்தச் சிவப்புப் பேனைக் குறிப்புகள்தான் விரிவுரை.

முதலில் சான்றிதழ். பயப்பட வேண்டாம், உங்கள் பெறுபேறு அழியவில்லை. பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கிறது, அதன் உறுதிப்படுத்திய பிரதியை எடுக்கலாம். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம், மகன் செய்து தருவான். சிக்கல் வருவது சுட்டிலக்கத்தில்தான், அதாவது பரீட்சைக்கு உங்களுக்குத் தந்த இலக்கத்தில். 2009க்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடங்களில் பழைய பட்டியல்கள் இல்லை. உங்களோடு எழுதியவர் எவராவது சான்றிதழைக் காப்பாற்றி வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். வெளிநாட்டுக்குப் போனவர்களிடம் அனேகமாக இருக்கும். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சுட்டிலக்கம் அடுத்தடுத்து வரும், ஒருவருடையது கிடைத்தால் உங்களுடையதை நெருங்கிவிடலாம். என்னுடையதை நான் அப்படித்தான் பிடித்தேன். கனடாவிலிருந்த சிநேகிதி வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினாள்.

அடுத்தது என்ன படிப்பது. நீங்கள் எழுதிய காரணத்தை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். சட்டமாணி (எல்.எல்.பி.) பட்டத்தை அங்கே தமிழில் படிக்கலாம். அதற்குத் தெரிவுப் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். பட்டம் எடுத்தவுடன் சட்டத்தரணி ஆகமுடியாது, அதற்குச் சட்டக்கல்லூரிப் பரீட்சைகளும் பயிற்சிக் காலமும் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது ஊர்ப் பெண்களுக்குச் சரியான பதில் என்றால் பட்டமே போதும். காணி அனுமதிப்பத்திர விஷயத்தையே எடுங்கள். அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரை நியமிக்காமல் கணவர் இறந்தால் காணி யாருக்கு என்ற வரிசையில் ஆண்பிள்ளைகளை முன்னே வைத்திருந்தார்கள், அதை 2022இல்தான் திருத்தினார்கள். இது எங்கள் பக்கத்தில் எத்தனை பெண்களுக்குத் தெரியும்? தெரிந்த ஒருவர் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தால் எவ்வளவு பெரிய விஷயம்! தெரிவுப் பரீட்சையை எழுதிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சமூக விஞ்ஞானத்துக்கு வாருங்கள்.

இனி வீடு. என் அனுபவத்தில் படிப்பை நிறுத்திவிட்டுப் போன பெண்களில் பாடம் விளங்காமல் போனவர்களை நான் அதிகம் காணவில்லை. நேரம் இல்லாமல் போனவர்களைத்தான் கண்டேன். "வேலை முடியப் படிப்பம்" என்று இருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள், ஏனென்றால் வீட்டு வேலை முடியாது. நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். "நான் படிக்கப் போகிறேன், உதவி செய்யுங்கோ" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். "காலையில் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை என்னைக் கூப்பிட வேண்டாம், சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு உங்கள் பொறுப்பு" என்று நாளும் நேரமும் போட்டுச் சொல்லுங்கள். நான் சொன்னபோது வீட்டில் ஒரு கிழமை முகம் சரியில்லை. பிறகு பழகிவிட்டது. மாமிக்கும் நீங்களே சொல்லுங்கள், கணவர் மூலம் போகவேண்டாம். பெரியவர்கள் தங்களிடம் நேரே கேட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள்.

முதல் வருடம் எல்லாப் பாடத்தையும் அள்ளிப் போடாதீர்கள். குறைவாகப் பதியலாம், மிச்சத்தை அடுத்த வருடம் எடுக்கலாம். காசும் அதற்கேற்பத்தான். அரச பல்கலைக்கழகம்தான் என்றாலும் திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் உண்டு, தவணையாகவும் கட்டலாம். உங்களுக்குப் பொங்கல், தீபாவளி என்று தையல் வருமானம் வரும் மாதங்களைப் பார்த்து எடுத்து வையுங்கள். பதிந்ததும் ஆக்டிவிட்டி டயறி என்று ஒன்று வரும். டே ஸ்கூல், அசைன்மென்ட், பரீட்சை எல்லாவற்றுக்கும் அதில் திகதி இருக்கும். அதையும் வீட்டு நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலபோக நெல் அருவிவெட்டு, கோயில் திருவிழா, மகனுடைய பரீட்சை எது எதோடு மோதுகிறது என்று முதலே தெரிந்தால் அசைன்மென்ட்டை முன்னாடியே எழுதிவிடலாம். தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி எடுத்தால்தான் கடைசிப் பரீட்சை எழுத விடுவார்கள். பிள்ளைகள் அதை எலிஜிபிலிட்டி என்பார்கள். எங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

அசைன்மென்ட் எழுதுவது உயர்தரக் கட்டுரை மாதிரி இல்லை. நாங்கள் முன்னுரை, வர்ணனை, முடிவுரை என்று பழகியவர்கள். அங்கே கேட்ட கேள்விக்கு உன் வாதம் என்ன, ஆதாரம் எங்கே என்று பார்ப்பார்கள். "வன்னியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல பிரச்சினைகளை எதிர்நோக்குகின்றன" என்று எழுதினால் அதற்குப் புள்ளி விழாது. எந்தப் பிரச்சினை, எதனால், யார் ஆராய்ந்து சொன்னார்கள் என்று எழுத வேண்டும். நாங்கள் கண்ணால் கண்ட விஷயத்துக்கு இன்னொருவர் எழுதிய ஆதாரம் தேடுவது ஆரம்பத்தில் மனதுக்கு என்னவோ போல இருக்கும். அதைப் பழகிய பிறகு பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதமும் மாறிவிட்டது, அவர்கள் பதில் போடத் தொடங்கினார்கள்.

ஆங்கிலம் ஒரு பாடமாக வரும், தவிர்க்க முடியாது. ஆனால் உங்கள் பாடங்கள் தமிழில் இருக்கும். மகளின் குறிப்பை அகராதி வைத்து வாசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விடாதீர்கள், அதுதான் பயிற்சி.

"இந்த வயதில் எதற்கு?" என்று கேட்பார்கள். ஓர் அலுவலகத்தில் நான் படிவத்தை நீட்டியபோது மகளை அனுப்பச் சொன்னார்கள். எனக்குத்தான் என்று சொன்னதும் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் டே ஸ்கூல் மண்டபத்துக்குள் போனால் நிலைமை வேறு. தாதியர், பொலிஸில் இருப்பவர், கடை வைத்திருப்பவர், பேரப்பிள்ளை கண்டவர் என்று எல்லோரும் இருப்பார்கள். அங்கே உங்களை எவரும் வயது கேட்கமாட்டார்கள்.

---

முரசுமோட்டை விவசாயி எழுதியது:

அக்கா, என் மனைவி முன்பள்ளி டிப்ளோமா படிக்கிறா. பிள்ளைகள் மூன்று பேர். உங்கள் கணவர் "பார்ப்பம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன், அதனால் அவருடைய பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்களுக்குப் பயம் காசைப் பற்றியோ சமையலைப் பற்றியோ இல்லை. மனைவி படித்து மேலே போனால் என்னோடு கதைக்க அவவுக்கு ஒன்றும் இருக்காதோ என்று எனக்குள் இருந்தது. வாயால் சொல்லமாட்டோம். அவ படிக்கிறதை எனக்குச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அது போனது. பின்னேரம் வாய்க்கால் பார்த்துவிட்டு வந்து இருக்கும்போது, சின்னப்பிள்ளை ஏன் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று தன் பாடத்திலிருந்து சொல்லுவா. இப்போது நான் கேள்வி கேட்கிறேன், அவ போய்ப் புத்தகத்தைப் பார்த்து வந்து பதில் சொல்லுறா. நீங்கள் சட்டம் படித்தால் உங்கள் வீட்டில் கதைக்க இன்னும் நிறைய இருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர்ப் பங்கீடு, காணி, வங்கிக்கடன் எல்லாவற்றிலும் சட்டம் இருக்கிறதுதானே. அவரை ஒருநாள் யாழ்ப்பாண நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காணாத இடத்தைப் பற்றித்தான் பயம் வரும்.

---

விசுவமடு அம்மா எழுதியது:

மாஸ்டர், அக்கா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. மாஸ்டர் சொன்னது போல வேலைக்காக இல்லை. ஆனாலும் வயதெல்லை விஷயம் முதலே தெரிந்தது நல்லது, பிறகு ஏமாற வேண்டியதில்லை.

அக்கா எழுதியதை மகனைக் கொண்டு இவருக்கு வாசிக்கச் சொன்னேன். தம்பி எழுதியதை இவரே போனை வாங்கி வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரவு, "சனிக்கிழமை என்றால் மில்லுக்குப் போகிற வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தலாம்" என்றார். மாமியிடம் நானே கேட்டேன். "படி பிள்ளை, எனக்கும் அந்தக் காணிக் கதையைக் கேட்டுச் சொல்லு" என்றா. அவவுடைய காணியிலும் பிரச்சினை இருக்கிறது.

என்னோடு படித்த ஒருவர் கிளிநொச்சியில் இருக்கிறா, அவவுடைய சான்றிதழ் தப்பியிருக்கிறது. சுட்டிலக்கம் கிடைத்தது. அடுத்த சிக்கல் பெயர். உயர்தரம் எழுதியது ஐயாவின் பெயரோடு. இப்போதைய அடையாள அட்டையில் இவருடைய பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறு. விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

---

பரந்தன் அக்கா எழுதியது:

இது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் வரும் சிக்கல். பிறப்புச் சான்றிதழிலும் பெறுபேற்றிலும் உள்ள பெயரையே பிடியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அடையாள அட்டையில் உள்ள பெயருக்கு விவாகச் சான்றிதழின் பிரதியை இணையுங்கள். எழுத்துக்கூட்டல் வித்தியாசத்துக்குச் சமாதான நீதவானிடம் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். மூலப்பிரதியை ஓரிடத்திலும் கொடுத்துவிடாதீர்கள், பிரதிதான் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழும் தொலைந்திருந்தால் பிறப்பைப் பதிந்த பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுக்கலாம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

பதியும்போது கொடுக்கிற பெயர்தான் பிறகு பட்டச் சான்றிதழ் வரைக்கும் போகும். அதனால் மகனைக் கொண்டு நிரப்பினாலும், அனுப்ப முதல் ஆங்கில எழுத்துக்களை நீங்களே ஒவ்வொன்றாகப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரி அறிவித்தல் வந்தால் நான் இங்கே போடுகிறேன்.